பதினெட்டாவது பெயர்

பதினேழு பெயர் எழுதியாயிற்று.
நாலு மணி பஸ்ஸில் பட்டியல் முல்லைத்தீவுக்குப் போகவேண்டும்.
மருந்துக்கடைத் துண்டொன்றின் பின்பக்கத்தில்
கோடு கிழித்துக்கொண்டிருக்கிறேன்:
நிதுர்சிகா. இடது கால். வயது பதினேழு.

போன பருவத்தில் பதினொரு கோல்,
எல்லாம் ஒரே மாதிரி.
எதிரணிக்குக் கோணர் கிடைக்கும்.
எங்கள் பெட்டிக்குள் பத்துப் பிள்ளைகளும் நெருக்குப்பட
இவள் மட்டும் நடுக்கோட்டில்
தலைமயிரை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்பாள்.
பந்து யாருடையதோ முழங்காலில் தெறித்து வெளியே வரும்.
அதன்பிறகு நாங்கள் பார்ப்பது
கிறவல் புழுதியை மட்டும்தான்.

வவுனிக்குளத்து வாய்க்காலைத் திறந்துவிட்டால்
முதல் தண்ணீர் வெடித்த வயலில்
பள்ளம் எங்கேயென்று யாரையும் கேட்காமல் ஓடுமே,
அப்படி.

"யோசிக்க என்ன கிடக்கு, எழுதுங்கோ" என்கிறார் யூட் அன்ரன்.
"ஓட்டம் வேறை, ஆட்டம் வேறை" என்கிறா பவானந்தி ரீச்சர்.
"வெட்டவெளியில மரையும் ஓடும்.
முதுகில ஒருத்தி ஒட்டிக்கொண்டு நிக்கேக்கை
பந்தை வாங்கிக் காட்டட்டும்."

ரீச்சர் சொல்வதில் பிழையில்லை.
திருப்பி எடுத்துவரும் பந்துக்கு முன்னால்
மல்லாவி மைதானம் முழுவதும் திறந்து கிடக்கிறது.
கொடுபடும் பந்துக்கு இருப்பதோ ஒரு பாய் அகலம்.
அதற்குள் நிறுத்தி, மறைத்து, திரும்பவேண்டும்.
நேரம், ஒரு தும்மல்.

அதனால்தான் இன்று துணுக்காய்ப் பிள்ளைகளுக்கு எதிராக
அவளை முன்வரிசையில் விட்டுப் பார்த்தோம்.
இருபத்திரண்டு தரம் பந்து கொடுத்தார்கள்.
காலில் நின்றது ஒன்பது.
ஐந்து, முழங்காலில் பட்டு வெளியே.
மூன்றைப் பின்னால் நின்றவள்
கடன் கொடுத்ததைத் திருப்பி வாங்குவதுபோல வாங்கிப் போனாள்.
மிச்சம் ஐந்துக்கும்
இவள் ஓடத் தொடங்கிவிட்டாள்; பந்து வந்து சேரவில்லை.

அந்த ஐந்துதான் எனக்கு உறுத்துகிறது.
இவள் முந்திவிட்டாளா, பந்து பிந்திவிட்டதா?
எங்கள் நடுவரிசை இன்னும்
கால் நிற்கும் இடத்துக்குத்தான் கொடுக்கிறது,
கால் போகப்போகும் இடத்துக்கு இல்லை.

இன்னொன்றும் கண்டேன். அதற்கு என் துண்டில் கட்டம் கிடையாது.
இவள் இறங்கிய நிமிடம் தொட்டு
துணுக்காயின் பின்வரிசை நாலுபேரும்
புடையனைக் கண்டவர்கள்போல் பத்தடி பின்வாங்கி நின்றார்கள்.
அந்தப் பத்தடிக்குள்தான்
எங்கள் சுபாங்கி, ஓட்டமே இல்லாத சுபாங்கி,
சோறு ஆறட்டும் என்று காத்திருப்பவள் மாதிரி நின்று
இரண்டு கோல் அடித்தாள்.
பட்டியலில் சுபாங்கி நாலாவது பெயர்.
அந்த இரண்டையும் யாருடைய கணக்கில் எழுத?

இருபது வருடமாக மருந்து கொடுக்கிறவள் நான்.
இருமல் பாணி குடித்தவர் நன்றாக நித்திரை கொள்வார்.
அதற்காக நித்திரை வராதவருக்கு
இருமல் பாணி கொடுக்க ஏலாது.
இப்படித்தான் முதலில் நினைத்தேன்.
பிறகு, கொடுத்து வேலை செய்த ஓரிருவரின் முகமும் ஞாபகம் வந்தது.

மூன்று ஐம்பது.
பம்ப் அறைச் சுவருக்கு அவள் பந்தை அடித்துக்கொண்டிருக்கிறாள்.
சுவர் உடனே திருப்பிக் கொடுக்கிறது.
முழங்கால். முழங்கால். கால்.
முழங்கால்.
யாரும் செய்யச் சொல்லவில்லை.
கோணர் கொடியருகே படுத்திருந்த மாடு
சத்தம் பொறுக்காமல் எழும்பிப் போகிறது.

பெயரை எழுதினேன்.
'நிற்கும் இடம்' என்ற கட்டத்தை வெறுமனே விட்டேன்.
ரீச்சர் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை.
பசைப் போத்தல் காய்ந்து கிடந்தது.
சாப்பாட்டுப் பார்சலில் மிஞ்சிய நாலு பருக்கையை எடுத்து
கடிதஉறையை அழுத்தி ஒட்டினா.