உலர் கழிவு

எனக்குச் செய்தி ஒருநாள் தள்ளித்தான் வந்துசேரும்.
எடைக்குப் போடாமல் விட்ட தாள்:
மீன் முள்ளைச் சுற்றியது, ஜன்னல் துடைத்தது,
நாய் இருந்ததை அள்ளியது.
கன்னடம் கடகடவென்று ஓடும்.
இங்கிலீஷ் என்றால் படங்களை மட்டும் படிப்பேன்,
யார் கை யார் தோளில் என்று.

ஆறே கால். காக்ஸ் டவுன் மார்க்கெட் முனை.
குப்பை ஆட்டோவின் நெற்றியில் ஒலிபெருக்கி.
பென்டிரைவில் முதலாவதாக மாநகராட்சியின் குரல்:
ஈரக் கழிவு வேறு, உலர் கழிவு வேறு,
தயவுசெய்து பிரித்துத் தாருங்கள்.
அது முடிந்ததும் என் முறை.

மந்திரி கட்சி மாறினாரா,
கல்யாணப் பாட்டு. மேளம் அதேதான், மாப்பிள்ளை வேறு.
விசாரணைக் கமிஷன் போட்டார்களா, தாலாட்டு.
ஏரி உடைந்து, லேப்டாப் பையோடு
டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்களே, அன்றைக்கு
வெள்ளைப் புடவைக் கதாநாயகி நனைகிற பாட்டு.
பிலோமினா பின்னால் தொங்கிக்கொண்டே
பக்கெட்டுகளை வாங்கிக் கவிழ்த்துவிட்டுக் கேட்பாள்:
"இன்னிக்கு யாரை வையறே?"
யாரையும் இல்லை. பாட்டுதானே.

நதிச் செய்தி வந்த வாரம் மட்டும்
பாட்டுக்கு வாய் வேண்டாமென்று
வெறும் புல்லாங்குழலில் ஓட்டினேன்.
இரண்டு மொழிக்காரர்களும் குப்பை கொண்டுவந்தார்கள்.
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கேட்கிறவர்களுக்குப் புரிகிறதா, தெரியாது.
மூன்றாவது குறுக்குத்தெரு பால்கனியில்
பல் துலக்கியபடி நிற்கிற ஒருத்தர்
ஒருநாள் தாலாட்டைக் கேட்டு நுரையோடு சிரித்தார்.
அந்த ஒரு சிரிப்புக்காக
ராத்திரி பன்னிரண்டுவரை பாட்டுத் தேடியிருக்கிறேன்.
மகள் அலுத்துப்போய்ச் சொல்வாள்:
"குப்பை வண்டிக்குப் போறியா, எலெக்‌ஷனுக்குப் போறியா?"

முதல் மாடிக்காரர்தான் எழுதிப் போட்டிருக்கிறார்.
மேஸ்திரி அனுமந்தராயப்பா வண்டியை நிறுத்தினார்.
கோபமே இல்லாமல் பென்டிரைவை உருவி
வேறொன்றைச் செருகினார்.
ஒரே ஒரு பதிவு. மாநகராட்சிக் குரல் மட்டும்.
"வேலை வேணுமா, பாட்டு வேணுமா?"
இதற்கும் ஒரு பாட்டு இருந்தது.
அவர் சட்டைப்பையில் இருந்தது.

மறுநாள் கிடைத்த தாள் நனைந்திருந்தது.
காபித்தூளை வழித்துவிட்டுப் பார்த்தேன்.
மேடை, மைக், தூக்கிய விரல்.
இந்தச் சந்தையில் இன்னார் கடை போடலாம், இன்னார் கூடாது,
பெயரைப் பலகையில் பெரிதாய் எழுதட்டும்,
அவர்கள் வேறு நாம் வேறு.
கடைசி வரியில், கூட்டம் கைதட்டியது என்று இருந்தது.

வண்டியைக் கிளப்பினேன்.
இருக்கிற ஒன்றை அமுக்கினேன்.

ஈரம் வேறு, உலர்ந்தது வேறு,
தயவுசெய்து பிரித்துத் தாருங்கள்.

ஆறு வருஷமாய்க் காதில் விழுகிற குரல்.
அன்றைக்குத்தான் கேட்டேன். பிடரி சிலிர்த்தது.
சத்தத்தைக் கூட்டினேன்.
பிரித்துத் தாருங்கள், ரியாஸ் பழக்கடை வாசலில்.
பிரித்துத் தாருங்கள், மாதா கோயில் வாசலில்,
பிள்ளையாருக்கு அப்போதுதான் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், அங்கேயும்.
வார்டு ஆபீஸ் முன்னால் கியரைத் தேடுகிறவன் போல்
இரண்டு நிமிஷம் அதிகமாகவே நின்றேன்.
எந்த மேஸ்திரி இதை உருவுவார்?

பிலோமினா ஒன்றும் கேட்கவில்லை.
பச்சைப் பக்கெட், நீலப் பக்கெட்,
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
ஊருக்கு வெளியே, மேட்டில்,
எல்லாம் ஒரே குவியலாய்க் கிடப்பதை
நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம்.

பால்கனிக்காரர் நின்றார். சிரிக்கவில்லை.
பிரஷ் வாயிலேயே இருந்தது.

முதல் மாடிக்காரர் இறங்கி வந்தார்,
இரண்டு பக்கெட்டையும் சரியாகப் பிரித்து,
மூடி போட்டு.
"பாத்தியா, இப்படி இருந்தா
எவ்வளவு நல்லா இருக்கு" என்றார்.

ஆமா சார், என்றேன்.