கழிவு: தொப்பி ஒன்று

கிறகோரி என்று தேடினேன், இல்லை.
கிரிகோரியும் இல்லை.
கடைசியில்
பெயரையும் தகப்பன் பெயரையும் இடம் மாற்றி,
வால் எழுத்துகளை விழுங்கி,
'சூசைப்பில்' என்று கிடந்தார் என் பூட்டன்,
இங்கிலாந்துப் பெட்டகம் ஒன்றில்
நூற்றுப் பதினாலாம் பக்கம்.

படி அனுப்பப் பன்னிரண்டு பவுண் கேட்டார்கள்.
அக்காவின் கடையில் அச்செடுத்தோம்.
மை தீர்ந்துகொண்டிருந்த நேரம்,
முதல் படியில் அவர் வெளிறித்தான் வந்தார்.

தீயாள். இரண்டாம் தரம். உள்ளூர்.
இழுவைப் படகு, இலக்கம் ஏழு.
உயரம் ஐந்தடி மூன்று.
அடையாளம்: இடது முழங்கையில் பழைய சூட்டுத் தழும்பு.
இதை வாசித்ததும் அக்கா
தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் அவருக்கு ஏற்கெனவே ஒரு மரணம் இருந்தது.
புதுவருடத்துக்கு நாலைந்து நாள் இருக்க
விடியக் காலமே யப்பான்காரன் வந்தான்,
துறைமுகம் எரிந்தது,
கரி அள்ளிய கையோடு அவரும் எரிந்தார்.
எண்பது வருடமாய் இதில்
ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை.
சீனக்குடா எண்ணெய்த் தாங்கியில் விமானம் விழுந்த இடம் வந்தால் மட்டும்
அப்பா சோற்றுக் கோப்பைக்கு மேலே
கையைச் சரித்துக் காட்டுவார்.
ஒவ்வொரு ஏப்ரல் ஒன்பதும்
குவாதலூப்பே மாதா கோயிலில் ஒரு பூசை.

தாளில் பெப்ரவரி இருபத்தாறு.
குண்டு இல்லை. விமானம் இல்லை.
வானத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.
துறைமுக வாயிலில் வலை இறக்கும்போது
இரவு, கம்பி அறுந்து, தண்ணீரில்.
அடுப்படியில் நிற்க வேண்டியவன்
மேல்தட்டுக்கு ஏன் வந்தான்
என்று ஒருவரும் எழுதவில்லை.

பணி முடிவு என்ற நிரலில் இரண்டே சொல்:
இறந்து விடுவிப்பு.
கீழே கணக்கு.
சேரவேண்டிய சம்பளம் பதினெட்டு ரூபா நாற்பது சதம்.
கழிவு: தொப்பி ஒன்று, திரும்பி வரவில்லை,
ஒரு ரூபா எழுபத்தைந்து.
மீதி பெற்றவர்: மனைவி.
பெருவிரல் அடையாளம். மார்ச் பதினாலு.

மார்ச் பதினாலு.
குண்டு விழ இன்னும் நாலு கிழமை இருக்கிறது.
பூட்டிக்குத் தெரியும்.
விரலில் மையோடு வீட்டுக்கு வந்து,
ஊர் முழுக்க எரிந்த அந்தக் காலையில்
புருசனை அவள் தண்ணீரிலிருந்து எடுத்து
நெருப்பில் வைத்திருக்கிறாள்.
ஏன் என்று இந்தத் தாளில்
எந்த நிரலும் இல்லை.

உப்புவெளிக்குப் போனோம்.
ஒட்ட வெட்டிய புல், வரிசை வரிசையாய் வெள்ளைக் கல்,
பத்தொன்பது வயது, இருபத்திரண்டு வயது,
குளிர் ஊர்களின் பிள்ளைகள்.
இரண்டு தடவை நடந்தோம்.
தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயை மூடி
"உங்கட ஆள் எந்தப் பக்கம்?" என்றார்.
அக்கா கடல் பக்கம் கையை நீட்டினாள்.
பிறகு தாங்கிகளின் பக்கம்.
பிறகு கையை இறக்கிவிட்டாள்.

திரும்பும் வழியில் கேட்டேன்,
"இனிப் பூசையை பெப்ரவரிக்கு மாத்துவமா?"
அவள் ஸ்கூட்டரை நிறுத்தவில்லை.
காற்றில் பாதியாய்த்தான் கேட்டது:
"அண்டைக்கு எரிஞ்ச ஆக்கள் கொஞ்சப் பேரே?
இவ்வளவு வருசமும் ஆரோ ஒருத்தனுக்குப்
போய்ச் சேர்ந்திருக்கும்தானே.
இப்ப நிப்பாட்டினா
அவன் எங்க போவான்?"

கடை வாசலில் குப்பைக் கூடை சரிந்து கிடந்தது.
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
வெளிறிய முதல் படியை மென்றுகொண்டு நின்றது.
விரட்ட, பாதித் தாளைப் போட்டுவிட்டு
பேருந்துக்குக் குறுக்கே ஓடியது.
உயரம் போய்விட்டது, தழும்பும் போய்விட்டது.
எச்சில் ஓரத்தில் கணக்கு மட்டும் மிச்சம்.

அக்கா அதைக் குனிந்து எடுத்தாள்.
"ஒண்டே முக்கால் ரூபா," என்றாள்.
உள்ளே போய் விளக்கைப் போட்டுவிட்டு
இன்னொரு தரமும் சொன்னாள்.