கணக்கில் வராத புதன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை என்று
காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டது நீதான், சுகன்யா.
ஆறு மாதம் அன்றைக்குத்தான் முடிகிறது,
அன்றைக்குத்தான் உனக்கும் வார்டில் ஆஃப்.
"நான் இல்லாம எதுவும் குடுத்துறாதே."
ஷூ மாட்டியபடி மூன்று தரம் சொன்னாய்.
மூன்று தரமும் தலையாட்டினேன்.

கேழ்வரகு முளைகட்டி, காய்ந்து, அரைபட்டு,
வேட்டித் துணியில் சலித்து டப்பாவில் காத்திருந்தது.
ஒரு கரண்டி, அதற்கு மேல் இல்லை;
உப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம், தேன் கூடவே கூடாது;
மூன்று நாளைக்கு ஒரே பொருள்.
ஃபிரிட்ஜ் கதவில் உன் கையெழுத்து,
மருந்துச் சீட்டு மாதிரி.

இது நடந்தது புதன்.
ஆனி மாதம். மரவள்ளி வரத்து இல்லை,
சேகோ ஆலையில் என் எடைமேடை சும்மா வெயிலில் கிடக்கிறது,
அதனால் பகலெல்லாம் அவனுக்கு நான், எனக்கு அவன்.
பொன்னம்மாப்பேட்டை கேட் மூடி
விருத்தாசலம் வண்டிக்குக் காத்திருந்த நேரம்.
அயோத்தியாப்பட்டணம் ரோட்டில் கூறு நாற்பது ரூபாய்க்கு வாங்கிய
நாட்டு மாம்பழம்,
சிங்க்கின் மேல் குனிந்து தின்றுகொண்டிருந்தேன்.
இடது இடுப்பில் அகரன்.

நான் கொடுக்கவில்லை.
இதைக் கோர்ட்டிலும் சொல்வேன்.
சாறு வழிந்த என் கட்டைவிரலை
அவன் பிடித்தான், இழுத்தான், வாயில் வைத்தான்.
பல் இல்லாத ஈறு எவ்வளவு கெட்டி என்று
உனக்கு முன்பே தெரியும்.
எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் முகம் சுருங்கியது,
யாரோ ஏமாற்றிவிட்டதைப் போல.
ஒரு கண் மூடியது. தோள் ஒருமுறை உதறியது.
பிறகு நாக்கு
தனியாக ஏதோ யோசித்தது.
பிறகு என்னைப் பார்த்தான்,
இத்தனை நாளாய் இதை எங்கே வைத்திருந்தாய் என்று.
கேட் திறந்தது. பைக்குகள் ஹாரன் அடித்தன.
விரலை விடவில்லை.

நாற்பது டன் வரை நிறுக்கிறவன் நான்.
ஐந்து கிலோவுக்குக் கீழே என் மேடைக்குக் கண் தெரியாது.
அவன் வயிற்றுக்குப் போனது
எந்த ரசீதிலும் ஏறாத எடை.
அப்படி நினைத்துத்தான் வாய் துடைத்தேன்,
சட்டை மாற்றினேன்,
கொட்டையைப் பேப்பரில் சுற்றி
குப்பைக்கு அடியில் தள்ளினேன்.
"சமத்தா இருந்தானா" என்று கேட்டாய்.
"ம்" என்றேன்.

ஞாயிறு. ஒன்பது இருபத்தெட்டு.
வடக்கு ஜன்னலில் சேர்வராயன் மலை
மேகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு
எதையும் பார்க்காதது மாதிரி நின்றது.
ஓமலூரிலிருந்து உன் அண்ணன் வீடியோ காலில்.
மேல்வீட்டு மெஹருன்னிசா அக்கா கிண்ணம் பிடிக்க
நீ கரண்டி நுனியில் கூழ் எடுத்து
'ஆ' என்றாய்.
எங்கள் எல்லார் வாயும் தானாகத் திறந்தது,
அவன் வாயைத் தவிர.
எப்படியோ உள்ளே போன கூழ்
நிதானமாக மோவாய்க்கு இறங்கி வந்தது.
மறுபடி ஊட்டினாய். மறுபடி மோவாய்.
"முதல் தடவைதானே, அப்படித்தான்" என்றார் அக்கா.
அவனோ கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து
என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.
கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

ராத்திரி கிண்ணம் கழுவும்போது
திரும்பாமலே சொன்னாய்:
"வியாழக்கிழமை துணி மாத்தறப்பவே பாத்தேன்.
மஞ்சளா, நூலாட்ட, மாங்கா நாரு.
எட்டு வருசமா நர்ஸு நானு."
குழாய் ஓடிக்கொண்டிருந்தது.
மன்னிப்பு என்று ஒரு சொல்
என் வாய்க்குள் போவதும் மோவாய்க்கு வழிவதுமாக இருந்தது.
நீ குழாயை மூடினாய்.
"மூஞ்சிய எப்படி வெச்சான்?"

காட்டினேன்.
முகத்தைச் சுருக்கினேன். ஒரு கண்ணை மூடினேன்.
தோளை உதறினேன்.
ஈரக்கையோடு நின்று பார்த்தாய்,
சிரிக்கவில்லை.
"நாக்கு என்ன பண்ணுச்சு, அதச் சொல்லவே இல்ல" என்றாய்.
"இரு. முதல்லேருந்து காட்டு."