ஏழாம் வளைவு

மனைவிக்கு ஸ்கேன் மூன்று மணிக்குத்தான்.
அதுவரை மலை பார்க்கலாமென்று
என் வண்டியில் ஏறினார் மாலத்தீவு ஜலீல்.
பேச்சு பாதி மலையாளம், மீதி கை.

அடிவாரச் செக்போஸ்ட் தாண்டியதுமே சொல்லிவிட்டார்:
அவர் நாட்டின் மிக உயர்ந்த மேடு
இந்தக் காரின் கூரைக்கு மேல் இரண்டு முழம்.
நான் நம்பவில்லை.
முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பிப் பார்த்து
"இப்போதே முழு நாட்டுக்கும் மேலே" என்றார்.
அப்புறம் பேசவில்லை,
கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

ஏழாம் வளைவில் இருவருக்கும் காது அடைத்தது.
நான் எச்சில் விழுங்கினேன், பதினொரு வருஷப் பழக்கம்.
அவர் மூக்கைப் பொத்தி உள்ளுக்குள் ஊதினார்.
பவளத்திட்டுக்கு முங்கும்போது செய்வதாம்.
கீழே போகிற வித்தை
மேலேயும் செல்லுபடியானது.
என்னையும் ஊதச் சொன்னார். பட்டென்று திறந்து
சில்வண்டுச் சத்தம் உள்ளே கொட்டியது.

லேடீஸ் சீட்டில் சேலத்தைக் காணோம்.
ஜங்ஷன், ஸ்டீல் பிளாண்ட்,
நான் தவணை கட்டவேண்டிய பைனான்ஸ் ஆபீஸ்
எல்லாம் வெள்ளைக்குள் முங்கிக் கிடந்தன.
நகரமலை, ஜருகுமலை, தூரத்தில் கஞ்சமலை
மட்டும் தலை நீட்டின.

போட்டோ எடுக்கவில்லை ஜலீல்.
ஒவ்வொன்றின் பேரையும் கேட்டார்,
ஆள் இருக்கிறதா என்றார்,
பிறகு, தாழ்ந்த குரலில்,
குடிதண்ணீர்?

அவர் தீவில் கிணறு உப்பாகி ஆறு வருஷம்;
படகில்தான் வருகிறதாம்.

எங்கள் தெருவுக்கு
எட்டு நாளுக்கு ஒருதரம் என்றேன்.
தலையாட்டினார்,
அடுத்த தீவுக்காரனிடம்
தலையாட்டுவதுபோல.