உடன் சென்றவர் பெயர்

படிவத்தில் ஒன்பதாவது கட்டம்:
உடன் சென்றவர் பெயர், முகவரி.
யாரோடம்மா போனாய் என்றேன்.
யாரோடும் இல்லை என்றாள் பூவிழி.
நம்பாமல் மறுபடி கேட்டேன்.
இருபத்தோரு வருட சர்வீஸில்
தனியாகப் போனவள் என்று ஒருத்தியை
நான் எழுதியதில்லை.

செம்மநத்தத்திலிருந்து முதல் பஸ்.
ஏற்காட்டில் இறங்கி அடுத்தது.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
ஒரு பாலித்தீன் கவரை வாயருகே பிடித்தபடி
வாந்தி வராமல் இறங்கியிருக்கிறாள்;
அதைத்தான் முதலில் சொன்னாள், பெருமையாக.
அடிவாரத்தில் வெயில் முகத்தில் அடித்ததாம்
வடைச்சட்டிப் பக்கம் குனிந்த மாதிரி.
கோரிமேடு, அஸ்தம்பட்டி,
கண்டக்டரிடம் மூன்று முறை கேட்டு
ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு விடுதி.
ரத்தம் சோதிக்கிற படிப்பாம், இரண்டு வருடம்.
காப்பிப் பழம் பறித்துச் சேர்த்தது
முன்பணத்துக்குச் சரியாக இருந்தது.
இதில் பையன் எங்கே வருகிறான் என்று
இன்ஸ்பெக்டர் அம்மா செல்போனை வாங்கிப் பார்த்தார்.
நானூற்றுப் பத்துப் படம்.
பாதிக்கு மேல் ஒரு கன்றுக்குட்டி.

வயது?
பதினேழு வருடம், பதினோரு மாதம், எட்டு நாள்.
விரல் விட்டு எண்ணாமல் சொன்னாள்.
இருபத்துமூன்று நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்றதற்கு
சேர்க்கை வெள்ளிக்கிழமையோட முடியுதுங்க மேடம் என்றாள்.
அதற்குக் கட்டம் எதுவும் இல்லை.

விடுதிப் பாரத்தின் அடியில்
தகப்பனார் சம்மதம், கையெழுத்து:
ஆ. சடையன்.
டை-யின் கொம்பு கோட்டுக்கு மேலே எகிறியிருந்தது,
கடைசிப் புள்ளி தள்ளி, கோபித்துக்கொண்ட மாதிரி.

மதியம் வந்து சேர்ந்தார் சடையன்,
ஸ்வெட்டரைக் கழற்றாமல்
மின்விசிறிக்குக் கீழே வேர்த்துக்கொண்டு.
இது நீங்கள் போட்டதா என்றேன்.
வெகுநேரம் பார்த்தார்.
என் கையெழுத்துதானுங்க.
நான் போடலைங்க.

இப்படிச் சொல்கிறவர்களிடம்
மேஜையைத் தட்டுவது என் வழக்கம்.
தட்டும்முன் அவள் சொல்லிவிட்டாள்.
மூன்றாங்கிளாஸ் ரேங்க் கார்டிலிருந்து
அந்தக் கையெழுத்து அவளுடையது.
கூட்டுறவுக் கடன், வேலைநாள் அட்டை,
தம்பியின் தடுப்பூசி நோட்டு,
சாதிச் சான்றிதழுக்கு எட்டு மனு
(எட்டாவதில்தான் கிடைத்ததாம்),
எல்லாவற்றிலும் சடையன் என்பது
இவள்தான்.
பதினைந்திலும் பன்னிரண்டிலும் எட்டிலும்
ஒருவரும் வயது கேட்கவில்லை.

எழுதி வாங்கி அனுப்பும்மா என்றார் இன்ஸ்பெக்டர்.
எழுதினேன்: என் மகளை நல்ல நிலையில்
பெற்றுக்கொண்டேன்.
ரேஷன் மூட்டைக்கும் இதே வாக்கியம்தான்.
கீழே கோடு போட்டுப் பேனாவைக் கொடுத்தேன்.
வாங்கினார்,
காகிதத்தைத் திருப்பினார்,
பழக்கத்தில்
இரண்டையும் மகள் பக்கம் நகர்த்தினார்.

வெளியே ஜங்ஷன் பஸ் ஒன்று
ஹார்னிலிருந்து கையை எடுக்காமல் போனது.
அவள் பேனாவை எடுத்தாள்.
மூடியைப் போட்டாள்.
இதுக்கு நீங்களே வைங்கப்பா.

மை டப்பா காய்ந்து கிடந்தது;
தண்ணீர் தொட்டு இளக்கினேன்.
ஊதாவாக விழுந்தது கட்டைவிரல், ரேகையே இல்லாமல்.
பறித்துப் பறித்துத் தேய்ந்தது.
துடைக்கத் துணி தந்தேன், வாங்கவில்லை.
அந்த விரல் மட்டும்
வேட்டியில் படாமல், எதிலும் படாமல்
தூக்கிப் பிடித்தபடி படியிறங்கினார்.
முன்னால் அவள். பையில் அந்தப் பாரம்,
நான் பட்டியலில் சேர்க்காமல் விட்டது.
மலையேறுகிற பஸ்ஸில்
மை எதுவரை ஈரமாக இருக்கும்
எனக்குத் தெரியாது.

மாலையில் கணினியில் ஏற்றும்போது
ஒன்பதாவது கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
ஏற்கவில்லை. பெயரை நிரப்பவும் என்றது.
பூவிழி என்று அடித்தேன்.
தகப்பனார் பெயர்? என்று கேட்டது.