வழங்கிடம்: 32

மாதம் பதினான்காம் தேதி
என் கார்டிலிருந்து நூற்றித்தொண்ணூற்றொன்பது போகும்.
படம் பார்ப்பது தம்பி ரெஜின்.
அவன் இப்போது எங்கே என்று தெரியாது.
வள்ளவிளையை விட்டுப் போய் இருபத்தாறு நாள்.
கடைசியாக வயர்லெஸ்ஸில் சொன்னது:
மீன் இல்ல, ஐஸ் இருக்கு.

மார்த்தாண்டத்தில் ஆடிட்டர் ஆபீசில் வேலை எனக்கு.
நாள் முழுக்க ஊரார் பில்லைப் பிரித்து அடுக்குகிறவள்
வீட்டு பில்லை அன்றைக்குத்தான் திறந்தேன்.
சேவை நூற்றறுபத்தெட்டு ரூபாய் அறுபத்துநான்கு காசு.
வரி முப்பது ரூபாய் முப்பத்தாறு.
அதற்குக் கீழே பொடி எழுத்தில்
வழங்கிடம்: கேரளம், 32.

நாம் 33.
நீரோடி குருசடி தாண்டி
செருப்பில் மணல் ஏறுவதற்குள் வந்துவிடும் 32.
நண்டுகள் இரண்டு பக்கமும் போய்வருகின்றன.

தோப்பும்படியில் படகு அணைந்த ஒரு மத்தியானம்
சிம் வாங்கிய கையோடு கணக்குத் திறந்திருக்கிறான்.
மாநிலம் எது என்று கேட்டதற்கு
நின்ற கரையைச் சொல்லியிருக்கிறான்.

வரியில் பாதி டெல்லிக்கு.
மறுபாதி பதினைந்து ரூபாய் பதினெட்டு காசு
பார்க்கிறவன் எந்த மாநிலமோ அதற்கு.
பதினாறு மாதமாக அது
களியக்காவிளை செக்போஸ்டில் நிற்காமல்
அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.
கூட்டிப் பார்த்தேன், பழக்கதோஷம்:
இருநூற்று நாற்பத்திரண்டு ரூபாய் எண்பத்தெட்டு காசு.

கடலரிப்புக்குப் போடுகிற கல்
இந்தக் காசுக்கு ஒன்று வருமா என்று
லாரி வைத்திருக்கும் டென்னிசனிடம் கேட்டேன்.
கல்லா?
கல்லைப் பாத்துட்டு வர டீசல் காணாது என்றான்.

வார்டு மெம்பர் பிளாரன்சக்கா கேட்டது வேறு:
இதுல பஞ்சாயத்துக்கு எவ்வளவு?
ஒன்றுமில்லை என்றேன்.
கொட்டகை ஓடிய காலத்தில்
டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று ஒரு பங்கு வந்தது.
இப்போது வீட்டுக்கு நாலு கொட்டகை,
கட்டிலுக்கடியில் ஒன்று, கக்கூசில் ஒன்று.
அக்கா அண்ணாந்து தெருவிளக்கைப் பார்த்தார்.
அது எரியவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் ரெஜின் வந்தான்,
உதடு வெடித்து, ஒரு சூரையோடு.
பில்லைக் காட்டினேன்.

எக்கா, நான் படம் பாத்தது கேரளத்துலயும் இல்ல,
தமிழ்நாட்டுலயும் இல்ல.
அங்க ரெண்டு கவர்மெண்டுக்கும் ஆளு கெடையாது.

நூறு மைலுக்கு வெளியே
வீல்ஹவுசில் போனைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு
பதினோரு பேர்.
ஒரு மணி பன்னிரண்டாம் நிமிஷம் படம் நின்றது.
இணையத்தில் இணைந்து சந்தாவை உறுதிசெய்யவும்.
எதில் இணைவது?
சுற்றிலும் தண்ணீர்.
என் கார்டில் அன்றைக்கும் பணம் பிடித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு கொலை செய்தது யார் என்று
ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள்.
ஒடிசாப் பையன் பாதி இந்தியிலும் பாதி கையாலும் ஒரு முடிவு சொன்னான்.
டிரைவர் சிலுவைதாசண்ணன்
செத்தவளே திரும்பி வந்து கதவைத் தட்டுகிற மாதிரி ஒன்று.
அதில் சண்டையாகி
இரண்டு பேர் மூன்று நாள் பேசாமல் தூண்டில் இழுத்தார்களாம்.

முகவரியை மாற்றும் பக்கத்தைத் திறந்தேன்.
மாநிலங்கள் வரிசையாக இறங்கின.
கடலைக் காணோம்.
33-ஐ அழுத்தினேன்.
வட்டம் சுற்றிச் சுற்றி, சரி என்றது.

இனி கல்லு வருமாக்கா?

வரும். நீ நூறு வருஷம் படம் பாரு.

அவன் கேட்கவில்லை.
மீதிப் படத்தை ஓடவிட்டு
முடிவுவரை கண்ணெடுக்காமல் பார்த்தான்.
பிறகு போனைக் கவிழ்த்து வைத்துச் சொன்னான்:
அண்ணன் சொன்னதுதான் கொள்ளாம்.