வரத்துக்கால்

இன்றும் லோடு இல்லை.
பள்ளத்தூர் ரோட்டுக் குடோனில்
காலி சிலிண்டர்கள் மட்டும் கழுத்துக்குக் கழுத்து.
தட்டினால் மணி மாதிரி பேசும்.
நிறைந்தது பேசாது.

எட்டரைக்கு முதல் போன்.
"வந்துருச்சா?"
இந்த வாரம்
வணக்கத்தை யாரும் வேறு மாதிரி சொல்வதில்லை.

கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வெளியே
நங்கூரம் போட்டு நிற்கிறதாம்.
காற்றா, வரிசையா, கட்டாத பாக்கியா,
மேலே கேட்டால் ஆளுக்கொரு காரணம்.
நான் கடல் பார்த்தது இரண்டே தடவை.
ஆனாலும் அது அங்கே ஆடுவது
என் மேசையில் தெரிகிறது:
நிலுவை நானூற்றுப் பன்னிரண்டு.
டீ குடித்துவிட்டு வந்தால்
நானூற்று முப்பது.

ஊருணிக்குத் தண்ணீர் வராவிட்டால்
வரத்துக்கால் எங்கே அடைத்திருக்கிறதென்று
மண்வெட்டியோடு நடந்து பார்க்கலாம்.
இந்தக் கால் எந்த நாட்டில் தொடங்குகிறது?
நான் எந்த மண்வெட்டியை எடுக்க?

அடுப்பு புக்கிங் செய்வதில்லை,
பயம்தான் செய்கிறது.
முக்கால் சிலிண்டர் மிச்சமுள்ள வீடு
முதலில் கூப்பிடுகிறது.
கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டுக்கும்
கோலாலம்பூரிலிருந்து பதிவாகியிருக்கிறது.
நாற்பது அறைக்கு ஓர் அடுப்பு.
போன மாசிச் சிவராத்திரிக்குப் பால் காய்ச்சியதோடு சரி.
விதிப்படி அதற்கும் ஒரு எண் உண்டு.
கொடுத்தேன்.

பலகாரக்கடை உமையாள் வாசலில் வந்து நின்றாள்.
சிவப்பு சிலிண்டர் கேட்கவில்லை, அது குற்றமென்று தெரியும்.
நீலம் எப்போது என்று மட்டும் கேட்டாள்.
வியாழக்கிழமை சீர்,
ஐம்பது கிலோ தேன்குழல், மாவு இடித்தாயிற்று.
நான் உதட்டைப் பிதுக்கினேன்.
அவள் நேரே விறகுக்கடைக்குப் போனாள்.
மத்தியானத்துக்குள்
கருவேலங்கட்டை கிலோவுக்கு மூன்று ரூபாய் ஏறிவிட்டது.
ஒரு கப்பல் கடலில் நிற்க
முள்ளுக்கு மவுசு வந்தது
எங்கள் பக்கம்.

திங்கட்கிழமை நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன்.
பத்திர ஆபீஸ் கிளார்க் போன் போட்டார்.
எங்கள் மனையின் பத்திரம்
எட்டு மாதமாக அவர் மேசையில் தூங்குகிறது.
"வீட்டுல விருந்தாளிம்மா" என்றார்.
முந்நூற்று ஒன்பதில் இருந்தவரை
நாற்பத்தொன்றில் வைத்தேன்.
ஒரு சொடுக்கு.
எறும்பு வரிசையில் விரல் வைத்தது போல
கொஞ்சம் நெளிந்து மறுபடி ஒழுங்கானது.

செவ்வாய் இரவு
இரண்டாவது தோசையில் என் அடுப்பு நின்றது.
நீலம் மஞ்சளாகி, மஞ்சள் மூச்சாகி.
வெந்த பாதியை வீட்டுக்காரர் சாப்பிட்டார்.
என் எண் இருநூற்று எண்பத்தெட்டு.
அதை நான் தொடவில்லை.
பெருமைக்காகச் சொல்லவில்லை,
விரல் கூசியது, அவ்வளவுதான்.

புதன் விடியற்காலை மூன்றரைக்கு லாரி.
சேவுகமூர்த்தி இறக்க இறக்க
நான் சீல் பார்த்து எண்ணினேன்.
முந்நூற்றாறு.
நிலுவை அப்போது நானூற்று எழுபத்தொன்று.
ஒன்றுக்கு ஒன்று பில் ஓட்டினேன்,
கிளார்க் வந்தார், கானாடுகாத்தான் வந்தது, நானும் வந்தேன்.
காகிதம் நின்ற இடத்துக்கு அடுத்த பெயர்
திரையில் தனியாக இருந்தது:
முந்நூற்று ஏழு. சவரியம்மாள், கோட்டையூர்.
ஞாயிற்றுக்கிழமை வரை
அவள் முந்நூற்றாறு.

"யக்கா, இன்னொரு லோடு எப்ப?" என்றான் சேவுகமூர்த்தி
துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே.
கப்பல் நகர்ந்தது ஒன்றுதானாம்,
பின்னாடி இன்னும் எதுவும் கண்ணுக்குப் படவில்லையாம்.

எட்டரை.
போனில் ஒரு கோட்டையூர்க் குரல், அவசரமே இல்லாமல்,
"வந்துருச்சா தாயி?"

"வந்துச்சு" என்றேன்.
அவள் சிரிப்பது கேட்டது.
அடுத்த வாக்கியத்துக்கு
என்னிடம் ஸ்டாக் இல்லை.